இரண்டாகத் தெரிந்த ஆண்டெனா

கிள்ளானில், இரவல் கேமராவில் எடுத்த படங்களை நான் கழுவக் கொடுக்கும் கடையில், கண்ணாடி மேசையின் ஓரமாக ஒரு சின்ன அட்டை ஒட்டியிருந்தது. பழைய கேமராவும் லென்சும் விற்பனைக்கு, சிறு பழுது உண்டு, வீடு பிரிக்பீல்ட்ஸ் என்று எழுதி, கீழே தொலைபேசி எண்.

எண்பதுகளின் கடைசி அது. நான் அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தேன். பகல் முழுக்க மற்றவர்களின் எலும்பைப் படமெடுத்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, சொந்தமாக ஒரு கேமரா வாங்கி முகங்களை எடுக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

"என்ன பழுது?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். தெரியாது என்றார். என்னை இழுத்தது அந்தப் பழுதுதான். நல்ல நிலையில் உள்ளது என்று எழுதியிருந்தால் விலையைக் கேட்டுவிட்டு மறந்திருப்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணனின் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பேரம் பேசாமல் எதையும் வாங்குவது அவருக்குப் பிடிக்காது. வழி நெடுக, காற்றில் பாதி காதில் விழாமல், எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். "நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. ஆசையா இருக்குன்னு மூஞ்சில காட்டாத லா."

கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. விற்பவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றவர். வேட்டி கட்டி, மேலே பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். அவர் மனைவி எங்களுக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்க்க அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

தோல் உறையிலிருந்து கேமரா வெளியே வந்தது. கையளவுதான், ஆனால் கனம். நான் அதுவரை பார்த்த கேமராக்களில் லென்ஸ் வழியாகவே பார்க்கலாம். படம் மங்கலாக இருந்து மெல்லத் தெளியும். இதில் பார்ப்பதற்கு மூலையில் தனியாக ஒரு சின்ன ஜன்னல்.

"உள்ள பாத்தீங்கன்னா எல்லாம் தெளிவாத்தான் தெரியும்" என்றார் அவர். "நடுவுல மட்டும் ஒரு மஞ்சக் கட்டம் இருக்கும். அதுக்குள்ள எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியும். லென்ஸத் திருப்பினா ரெண்டும் நகந்து ஒண்ணாச் சேரணும். சேந்துச்சுன்னா படம் கூர்மையா விழும்."

"அப்ப பழுது என்ன அங்கிள்?"

"அதான்மா, சேர மாட்டேங்குது. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ நிக்குது. ரெண்டு தடவ ரிப்பேருக்குக் கொடுத்தேன். ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டுக் கூலிய மட்டும் வாங்கிக்கிட்டானுங்க."

அண்ணன் முகத்தில் ஒளி வந்தது. பழுதான சாமான் என்றால் அவருக்குப் பேரம் பேச வசதி.

நான் கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிர் வீட்டுக் கூரையில் ஒரு டிவி ஆண்டெனா இருந்தது. ஜன்னலில் கண்ணை வைத்தேன். மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு ஆண்டெனாக்கள், ஒன்று நிஜம், ஒன்று ஆவி மாதிரி வெளிறிப்போய். வளையத்தைத் திருப்பினேன். ஆவி பக்கவாட்டில் நகர்ந்து வந்து நிஜத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. கம்பிக்குக் கம்பி, துளி பிசகில்லை.

மறுபடி கலைத்தேன், மறுபடி சேர்த்தேன். அது சேரும் அந்த நொடி அவ்வளவு அழகாக இருந்தது. பழுது எங்கே இருக்கிறது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

"எனக்குச் சேருதே அங்கிள்."

"நல்லாப் பாரும்மா."

அண்ணனிடம் கொடுத்தேன். அவர் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து என் காதருகே, "நல்லாத்தான் இருக்கு. பேசாம அவர் கேக்கற விலையக் கொடுத்துட்டு கெளம்பு" என்றார். தொலைபேசியில் அவர் கேட்டிருந்த விலை என் பாதி மாதச் சம்பளம். பழுதில்லாமல் இருந்தால் அந்த லென்சுக்கு மட்டுமே அதைவிடக் கூட வரும் என்று கடையில் விசாரித்து வைத்திருந்தேன்.

எனக்கு விலை ஞாபகத்திலேயே இல்லை. ஒரே ஓட்டை வழியாக ஒரே ஆண்டெனாவைப் பார்த்த மூன்று பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் இரண்டு தெரிகிறது? அது தெரியாமல் என்னால் வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

எங்கள் எக்ஸ்ரே அறையில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் சந்தேகமான வெள்ளைப் புள்ளி விழுந்தால், பிலிம் வைக்கும் தகட்டுப் பெட்டியைத் தலைப்பக்கம் கால்பக்கமாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை எடுப்போம். புள்ளி பெட்டியோடு சேர்ந்து திரும்பினால் கோளாறு பெட்டியில். நின்ற இடத்திலேயே நின்றால் நோயாளியின் உடம்பில்.

கேமராவில் ஆண்டெனாவை ஒன்றாகச் சேர்த்து அவரிடம் நீட்டினேன். "வளையத்தத் தொடாதீங்க அங்கிள். அப்படியே பாருங்க. எத்தன தெரியுது?"

"ரெண்டு. ஒண்ணுக்கு மேல ஒண்ணு."

"இப்ப கேமராவ நிமித்தி, நெட்டுக்குப் பிடிச்சுப் பாருங்க."

பிடித்தார்.

"இப்ப அந்த ரெண்டாவது எங்க இருக்கு? பக்கத்துலயா?"

"இல்ல. மேலதான்."

"கேமராவத் திருப்பினா அதுவும் கூடத் திரும்பணும் அங்கிள். கேமராவுல கோளாறுன்னா இப்ப பக்கவாட்டுக்கு வந்திருக்கணும்."

அவர் கேமராவைக் குறுக்கே பிடித்தார், நெட்டுக்குப் பிடித்தார், மறுபடி குறுக்கே. அவர் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"இடது கண்ணால பாருங்க" என்றேன்.

வலது கண்ணால் பார்த்தே பழகியவர். மூக்கு இடிக்க, தடுமாறி, இடது கண்ணை வைத்தார்.

"ஒண்ணு" என்றார், மெதுவாக.

பிறகு கேமராவை மனைவியிடம் கொடுத்துவிட்டு, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வெறும் வலது கண்ணால் எதிர்க் கூரையைப் பார்த்தார். ஆண்டெனாவுக்கு மேலே லேசாக ஒரு நிழல் தெரிகிறது என்றார். உடனே கோபமும் வந்தது. "என் கண்ணுல ஒண்ணுமில்ல. படிக்க மட்டுந்தான் கண்ணாடி போடறேன். தூரத்துல எல்லாம் தெளிவாத் தெரியும்."

"தெளிவா?" என்றார் அவர் மனைவி. "போன மாசம் கோயில்ல, ஏன் நிலா ரெண்டா இருக்குன்னு என்னக் கேட்டீங்களே, அது?"

"அது மேகம்."

"நான் டாக்டர் இல்ல அங்கிள், கிள்ளான் ஆஸ்பத்திரில எக்ஸ்ரேதான் எடுக்கறேன்" என்றேன். "ஆனா கண்ணக் காட்டுங்க. கேமராவ இப்ப விக்காதீங்க."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் என்னால் விவரிக்க முடியாது. திரும்பி வரும்போது கிள்ளான் பாலத்தில்தான், "உன்ன வச்சுக்கிட்டு ஒரு மீன்கூட வாங்க முடியாது" என்றார்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் கேமரா கடைகளில் ஏறி இறங்கினேன். அண்ணன் புதுசாக வாங்கச் சொன்னார். வெளிச்சத்தை அதுவே அளந்துகொள்ளும், பிலிமை அதுவே சுற்றிக்கொள்ளும். நியாயமான பேச்சுதான். அந்தப் பழைய கேமராவில் வெளிச்சம் அளக்கும் கருவி கிடையாது. பிலிமை அடிப்பக்கமாகச் சொருகித் திண்டாட வேண்டும். ஆனாலும் கடையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் வைக்கும்போது, மங்கல் தெளிவதைப் பார்த்ததில் எனக்கு ஒரு சுவாரசியமும் வரவில்லை. ஆவி வந்து நிஜத்தின் மேல் ஏறும் அந்த நொடி வேண்டும் போலிருந்தது. இதற்காகவா ஒரு கேமரா வாங்குவது என்று எனக்கே சந்தேகம். அதனால் எதையும் வாங்காமலே இருந்தேன்.

ஒரு நாள் மருத்துவமனைக்கே அந்த மொழிபெயர்ப்பாளரிடமிருந்து தொலைபேசி வந்தது. வலது கண்ணில் புரையாம். அறுவை சிகிச்சை முடிந்துவிட்டதாம். வாம்மா, வந்து பார் என்றார்.

இந்த முறை நான் மட்டும் பேருந்தில் போனேன். அவர் மூக்கின் மேல் புதுக் கண்ணாடி, தூரப் பார்வைக்கும் சேர்த்து. என்னை உட்காரக்கூட விடாமல் வாசலுக்கு அழைத்துப்போய், கேமராவை உயர்த்தி ஆண்டெனாவைப் பார்த்தார். "சேருதும்மா!" என்றார். சத்தம் எதிர் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இனி விற்க மாட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மனசு கொஞ்சம் இறங்கிப்போனாலும், "சந்தோஷம் அங்கிள், உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

அவர் மனைவி சிரித்துக்கொண்டே உள்ளே போய் சில படங்களைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். எல்லாவற்றிலும் அந்த அம்மாதான். சேலை தெரிந்தது, கை தெரிந்தது, பின்னால் துணி காயும் கொடி தெரிந்தது. எதிலும் தலை இல்லை.

"கண்ணாடி போட்டுக்கிட்டு அந்தச் சின்ன ஜன்னலுக்குக் கிட்டப் போக முடியல" என்றார் அவர். "நடுக் கட்டம் தெரியுது, ஓரம் தெரியல. கண்ணாடியக் கழட்டினா ஒண்ணுமே சரியாத் தெரியல. நீயே எடுத்துக்கம்மா. ஆனா ஒரு விஷயம். அன்னைக்குச் சொன்னது பழுதான கேமராவுக்கு விலை. இது நல்ல கேமரா."

"கொஞ்சமாவது வெக்கம் இருக்கா உங்களுக்கு?" என்றார் மனைவி. "அந்தப் பொண்ணுதானே கண்டுபிடிச்சது!"

"கண்டுபிடிச்சது கண்ண. விக்கிறது கேமராவ. ரெண்டும் வேற வேற."

நீதிமன்றத்தில் இருந்தவரிடம் என்ன பேச முடியும்? எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பழைய விலைக்கும் அவர் கேட்ட புது விலைக்கும் நடுவில் ஓர் இடத்தில் ஒத்துக்கொண்டோம். அண்ணனிடம் பழைய விலையைத்தான் சொன்னேன்.

முதல் பிலிமை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்த்தேன். பாசார் சந்தை, ஆற்றங்கரை, மீன் விற்கும் அக்கா, எல்லாவற்றையும் கம்பிக்குக் கம்பி சேர்த்து எடுத்தேன். கடையில் கழுவி வந்த சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், முழுக்கக் கண்ணாடி போல வெறுமை. ஒரு துளி வெளிச்சம்கூட உள்ளே போகவில்லை. ஷட்டர் செத்துவிட்டது என்று தீர்மானித்து, கடை வாசலிலிருந்த பொதுத் தொலைபேசியிலிருந்தே பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்தேன்.

நான் சொல்வதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "லென்ஸ் மூடியக் கழட்டினியாம்மா?" என்றார்.

லென்ஸ் வழியாகப் பார்க்காத கேமராவில், மூடி போட்டிருப்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கைப்பையைத் திறந்து பார்த்தேன். மூடி லென்சின் மேலேயே இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. மறுமுனையில் அவர் இதை மனைவியிடம் சொல்வதும், அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிப்பதும் கேட்டது.

மூடியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, கடைக்குள் திரும்பிப் போய் இன்னொரு பிலிம் வாங்கினேன்.