நாலாவது பாட்டில் கிடார்

யாருக்கும் தெரியாத சுயாதீனப் பாடகர்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வாரம் ஒரு பட்டியல் போட்டு எல்லோருக்கும் அனுப்புவேன், கேட்காவிட்டால் கோபித்துக்கொள்வேன். காரைக்குடியில் என் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்கா மட்டும்தான் ஒவ்வொரு பாட்டையும் கேட்டுக் கருத்து எழுதுவார்.

ஒருநாள் அவரும் எனக்கு வாட்ஸப்பில் ஐந்து பாட்டு அனுப்பினார். மறுநாள் காலை பள்ளத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, கேட்டீகளா? நாலாவது எப்படி இருந்துச்சு?"

நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

"அதுதான்க்கா டாப்பு. அந்த கிடார் செம!"

அக்கா என்னையே ஒரு நொடி பார்த்தார். "அப்படியா, சரி தம்பி" என்று தன் இடத்துக்குப் போய்விட்டார்.

மதியம் திறந்தேன். நாலாவது மட்டும் வாய்ஸ் மெசேஜ். "நானே எழுதுனது, சிரிக்காதீக" என்று தொடங்கி, அக்கா பாடியிருந்தார். கிடார் இல்லை, நடுவில் ஒரு குக்கர் விசில்தான்.

கேட்டதும் அதன் மைக் குறி நீலமானது. அனுப்பியவருக்கும் அது தெரியும். எதிர் மேசையில் அக்கா போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

என் அடுத்த பட்டியலுக்கும் அக்கா ஒரு பாட்டு விடாமல் கருத்து எழுதினார். அவர் பாட்டு மட்டும் எனக்கு மறுபடி வரவில்லை.