மஸ்கட்டுக்கு வாசனை போகாது

1. வெள்ளை வண்டி

"அண்ணா, சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு ஓகேன்னு மட்டும் சொல்லுங்க. நான் இங்கேருந்தே அட்வான்ஸ் போட்டுட்றேன்."

இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு மாதம் கழிவதில்லை. சொல்பவர் ஷார்ஜாவில் இருப்பார், சிங்கப்பூரில் இருப்பார், கப்பலில்கூட இருப்பார். அந்த முறை மஸ்கட். பெயர் பிரபு. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர்.

என் வேலை இதுதான்: வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் பழைய கார் வாங்கும்போது அவர்களுடைய கண்ணாக, காதாக, சில சமயம் மூக்காகப் போய் வருவது. வளைகுடாவில் ஒரு பழைய கார் யார்டில் பல வருடம் வெயிலில் நின்றவன் நான். அங்கே வண்டிகளின் மேல் மணல் படியும், துடைப்போம், மறுபடி படியும். துடைத்துத் துடைத்து ஒன்று புரிந்தது. பெயிண்ட் என்பது வண்டி போட்டுக்கொள்ளும் புன்னகை. ஊருக்குத் திரும்பியபின் அந்தப் புன்னகைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது.

பிரபு வாங்க நினைத்த வண்டியை ஓட்டப்போவது அவர் மனைவி கவிதா. திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஷிப்ட் முடிந்து இரவில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு நிற்பதுதான் அவளுடைய பெரிய வேலை. நர்ஸ் வேலை அதற்கு அடுத்தது. லைசென்ஸ் எடுத்துவிட்டாள். பிரபு இரண்டு வருட ஓவர்டைமை இந்த ஒரு வண்டிக்காகச் சேர்த்து வைத்திருந்தார். தவறான வண்டி வந்து வாசலில் நின்றால் இன்னொன்று வாங்க இப்போதைக்கு வழியில்லை. கவிதா பழையபடி பஸ் ஸ்டாண்டுதான்.

ஆனால் போனில் பேசியபோது பிரபு இதில் எதையும் சொல்லவில்லை. "வெள்ளைக் கலர்ணா. பளபளன்னு கீது" என்றார். ஐந்து முறை.

2. சாமி வண்டி

வண்டிக்காரர் மாணிக்கம் ஐயா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வீடு. நெற்றி நிறைய விபூதி, வெறுங்கால். வண்டியை அவர் தொடும் விதமே பூஜை அறைக் கதவைத் தொடுவது போல இருந்தது. மனைவி ராஜம்மாள் எங்கள் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தார். கவிதா வீடியோ காலை ஆன் செய்து போனைத் தூக்கிப் பிடித்தாள். போனுக்குள் மஸ்கட், மஸ்கட்டுக்குள் பிரபு, பிரபுவுக்குப் பின்னால் டீ பிரேக்கில் இருந்த நாலைந்து பேர். எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள்.

"ஒரே ஓனர், தம்பி" என்றார் மாணிக்கம் ஐயா. "மீட்டரைப் பாருங்க. பத்தாயிரம்கூட ஆவல. கிரிவலத்தத் தவிர இது எங்கயும் போனதில்ல. ஒரு கல்யாணம் காட்சிக்குக்கூட எடுத்ததில்ல."

"கேட்டீங்களாண்ணா?" போனில் பிரபு கத்தினார். "சாமி வண்டிண்ணா!"

"அப்புறம் ஏங்கய்யா விக்கறீங்க?"

"பையன் ஆட்டோமேட்டிக் வாங்கிக் குடுத்துட்டான். ரெண்டு நிக்க எடமில்ல. மத்தியானம் சென்னையிலருந்து ஒரு பார்ட்டி வர்றாங்க. நீங்க மொதல்ல கேட்டதால உங்களுக்கு மொதல்ல காட்றேன்."

பொய் சொல்பவர்களின் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். டயரைப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள். இவர் நேராக என்னைப் பார்த்தார். பெயிண்ட் கம்பெனி பெயிண்ட். அடிபட்ட சுவடு இல்லை. சீட்டில் பிளாஸ்டிக் கவர் இன்னும் பிரிக்கவில்லை. குனிந்து பெடல்களைப் பார்த்தேன். பிரேக் பெடல் ரப்பர் புதிது போல இருந்தது. கிளட்ச் பெடல் ரப்பர் மட்டும் குளத்துப் படியைப் போல வழவழவென்று தேய்ந்திருந்தது.

பத்தாயிரம்கூட ஓடாத வண்டிக்கு இவ்வளவு தேய்ந்த ரப்பர் ஏன்? ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

"போட்டுடட்டுமாண்ணா?" என்றது மஸ்கட்.

"இருங்க, ஓட்டிட்டு வந்துட்றேன்."

"நானும் வர்றேன்" என்று ராஜம்மாள் பின் சீட்டில் கவிதாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். "வண்டி கெளம்புதுன்னா எனக்கு வீட்டுக்குள்ள உக்கார முடியாதும்மா."

3. யூ டர்ன் இல்லை

என் வழக்கம், கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருவது. ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு சடன் பிரேக், ஒரு ரிவர்ஸ். போதும். ரோட்டோரம் ஒரு அகலமான இடம் பார்த்து ஸ்டீயரிங்கை ஒடித்தேன்.

"ஐயோ, தம்பி! திருப்பாதீங்க!"

பக்கத்து சீட்டில் இருந்த மாணிக்கம் ஐயா என் கையையே பிடித்துவிட்டார். யாரையோ இடித்துவிட்டேன் என்று நினைத்து நிறுத்தினேன். ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை.

"எதிர்ச் சுத்து ஆவும்" என்றார். "வாங்குன நாள்லருந்து இந்த வண்டி மலைய இடப்பக்கமா சுத்துனதே இல்ல. மலை எப்பவும் வலப்பக்கம்தான்."

"ஐயா, வீடு அதோ தெரியுது. நான் வீட்டுக்குத்தான் திரும்பறேன்."

"வீட்டுக்குப் போறதுன்னா இப்படியே போனாலும் வந்துடும்."

வரும். மலையை முழுக்கச் சுற்றினால் வரும்.

"இன்னா நடக்குது? ஏன் நிக்குது?" என்றார் பிரபு.

"உங்க வண்டி கிரிவலம் போவுதுங்க" என்றாள் கவிதா.

"சூப்பர்! எனக்கும் சேத்து வேண்டிக்கோ!"

பிறகென்ன. மலை வலப்பக்கம் வந்து உட்கார்ந்தது. காலை வெயிலில் பாறைகள் அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருந்தன. சாலையோர மரங்கள் நிழலைத் துண்டு துண்டாக நறுக்கி வண்டியின் மேல் போட்டன, எடுத்தன, போட்டன. சாதுக்கள் நடந்தார்கள், ஒரு வெள்ளைக்காரர் ஓடினார், குரங்குகள் எல்லோரையும் கணக்கெடுத்தன. இந்தச் சாலையில் அவசரமாகப் போவதே ஒரு கெட்ட வார்த்தை போல இருக்கும். ஆனால் எனக்கு வேலை இருந்தது. ஏசியைப் போட்டு, நாலாவது கியருக்கு வந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

எஞ்சின் உறுமியது. வண்டி அதே வேகத்தில் போனது. குரல் இங்கே இருக்க, உடம்பு வேறெங்கோ இருந்தது. கிளட்ச் வழுக்குகிறது. அடுத்த நிமிடம் வாசனை வந்தது.

"ஏதோ கருகுதே, அண்ணா?" என்றாள் கவிதா.

ராஜம்மாள் கண்ணை மூடிக் கைகூப்பினார். "வந்துட்டாரு."

"யாரும்மா?"

"சித்தருதான் கண்ணு. இந்த மலைய உருவமில்லாம சுத்தறவங்க வாசனையாத்தான் தெரிவாங்க. வழக்கமா அடி அண்ணாமலை தாண்டினாதான் வருவாரு. இன்னிக்கு நீ வந்திருக்க, சீக்கிரமே வந்துட்டாரு."

கவிதா மெல்லக் கேட்டாள்: "நீங்க எப்பவும் வண்டியிலதான் சுத்துவீங்களாம்மா?"

"சேச்சே, நான் நடப்பேன். வாராவாரம் திங்கக்கெழம. இவருக்கு முட்டி வலி. அதனால எனக்குப் பின்னாலயே மெதுவா வண்டிய ஓட்டிக்கினு வருவாரு. தண்ணி, கொடை, விசிறி எல்லாம் வண்டியில. நான் தண்ணி குடிக்க வண்டிகிட்ட வர்றப்பதான் சித்தரும் வருவாரு."

மாணிக்கம் ஐயா பெருமையோடு சேர்த்துக்கொண்டார். "ஃபர்ஸ்ட் கியரத் தாண்டினதில்ல, தம்பி. அவ்ளோ பத்திரமா வெச்சிருக்கேன்."

குளத்துப் படி புரிந்துவிட்டது. ஒரு மனுஷி நடக்கும் வேகத்துக்கு வண்டியை ஓட்ட, பாதி கிளட்சை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்தாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அத்தனை தூரமும் கிளட்ச் பிளேட் தீய்ந்துகொண்டே வந்திருக்கிறது. மீட்டர் தூரத்தைத்தான் எண்ணும். எத்தனை மணி நேரம் உழைத்தது என்று அதற்குத் தெரியாது.

"புது வண்டியில அவர் வர்றதே இல்லம்மா" என்று ராஜம்மாள் வருத்தப்பட்டார். "இந்த வண்டின்னாதான் அவருக்கு இஷ்டம்."

கிளட்ச் பெடலே இல்லாத ஆட்டோமேட்டிக்கில் எப்படி வருவார்?

போனில் பிரபு மரங்களை ரசித்துக்கொண்டிருந்தார். "ஏசி ஃபுல் கூலிங்காண்ணா? எஞ்சின் சத்தம் கெத்தா கேக்குது!" வாசனை மஸ்கட்டுக்குப் போகவில்லை.

4. வருண லிங்கம்

அதற்குள் டெம்பரேச்சர் முள் எழுந்து நிற்க ஆரம்பித்தது.

"ஐயா, ரேடியேட்டருக்கு கூலன்ட் ஊத்துவீங்களா?"

"எதுக்கு? நம்ம வீட்டு போர் தண்ணி இருக்கே. ஜாஸ்தியாவே ஊத்துவேன்."

எங்கள் ஊர் போர் தண்ணீர் குழாயில் உப்புப் பூத்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரேடியேட்டருக்குள் அதே உப்புதான் படிந்து வழியை அடைத்திருக்கும். எரிய வேண்டுமென்றால் அக்னி லிங்கத்தில் எரிந்திருக்கலாம். வருண லிங்கத்துக்குப் பக்கத்தில் வந்துதான் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. நிறுத்தினேன். மாணிக்கம் ஐயா இறங்கி, ஆவியையும் லிங்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இதுவரை அவர் இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததே இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

"கூப்பிடு தூரத்துல பின்னால ஒரு மெக்கானிக் ஷெட் தாண்டி வந்தோம்" என்றேன். "தள்ளிக்கினு போயிடலாம்."

"பின்னாலயா?" என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே குரலில்.

கவிதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போனிலிருந்த பிரபுவுக்குப் பின்னால் யாரோ இந்தியில் அதட்டினார்கள். "சூப்பர்வைசர் வந்துட்டான். அண்ணா, ஓகேவா, இல்லியா?" என்று கேட்கும்போதே லைன் போனது.

டீக்கடையில் தண்ணீர் வாங்கி, வண்டி ஆறும்வரை காத்திருந்து ஊற்றினோம். "நான் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றாள் கவிதா. "மெதுவாதானே போவணும்?"

"நான் நடக்கறேன்" என்றார் ராஜம்மாள். செருப்பை வண்டியிலேயே போட்டுவிட்டு இறங்கி முன்னால் நடந்தார். கவிதா ஸ்டீயரிங்கைப் பிடித்தாள், நான் பின் சீட்டுக்குப் போனேன். என்ன சொல்ல? அதுவரை முரண்டு பிடித்த வண்டி அவர் முதுகைப் பார்த்ததும் பழகிய மாடு போல அடங்கிப் பின்னால் போனது.

மாணிக்கம் ஐயா முன் சீட்டிலிருந்து திரும்பி, ரகசியம் போலக் கேட்டார்.

"தம்பி, அந்த வாசனை... கிளட்சா?"

"ஆமாங்கய்யா."

"எப்பவுமேவா?"

"இன்னிக்கு வந்தது கிளட்ச். மத்ததுக்கு நான் எப்படிச் சாட்சி சொல்றது?"

வெளியே நடக்கும் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் எதுவும் காதுல வாங்கலீங்கய்யா" என்றாள் கவிதா, சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

5. கழிவறையிலிருந்து ஒரு அழைப்பு

வீட்டை நெருங்கும்போது பிரபு மறுபடி கூப்பிட்டார். பின்னால் டைல்ஸ் தெரிந்தது. சூப்பர்வைசருக்குத் தெரியாமல் ஒதுங்கியிருக்கிறார்.

"அண்ணா, சீக்கிரம். போட்டுடட்டுமா?"

"வேணாம் பிரபு. கிளட்ச் முடிஞ்சுது. ரேடியேட்டர் அடைச்சிருக்கு. எஞ்சின் எவ்ளோ சூடு தாங்கியிருக்குன்னு பிரிச்சுப் பாத்தாதான் தெரியும்."

"மாத்திக்கலாம்ணா! பாடி சூப்பர்ணா. வெள்ளக் கலர் இந்த ரேட்டுக்குக் கெடைக்காது."

கவிதா வண்டியை ஓரம் கட்டினாள். முன்னால் ராஜம்மாளும் நின்றுவிட்டார், பின்னால் சத்தம் நின்றதை உணர்ந்து.

"ஏங்க, நைட்டு டூட்டி முடிஞ்சு வர்றப்ப நடு ரோட்ல இது நின்னுச்சுன்னா, நான் பாடியப் பாத்துக்கினு நிக்கவா?"

"அப்படி இல்ல கவி..."

"வண்டி வாசல்ல நிக்கறதுக்கா, நான் ஓட்றதுக்கா? அத மொதல்ல சொல்லுங்க."

மஸ்கட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"ரூம்ல எல்லாருக்கும் போட்டோ அனுப்பிட்டேன் கவி" என்றார் பிரபு, மிகச் சின்னக் குரலில்.

"அனுப்பினா இன்னா? அடுத்த வாரம் வேற போட்டோ அனுப்புங்க."

மாணிக்கம் ஐயாவிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சென்னைப் பார்ட்டிக்கு அவரே போன் போட்டார். "வண்டி விக்கறதில்லீங்க. வீட்டுக்காரம்மாவுக்கு அது வேணுமாம்." சாவியை ஆணியில் மாட்டினார்.

6. வெந்தயக் கலர்

அடுத்து கவிதா வாங்கிய வண்டி வெந்தய நிறம். ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் தினமும் விழுப்புரம் வரை ஓட்டியது. மீட்டரைப் பார்த்தால் மயக்கம் வரும். சீட் கிழிசல். ஆனால் ஆறிக் கிடந்த எஞ்சின் ஒரே சாவியில் எழுந்தது. அவள் இருட்டும் நேரம் பார்த்து, தன் ரோட்டிலேயே, கீழ்பென்னாத்தூர் வரை ஓட்டினாள். வழியில் மூன்று இடத்தில் யூ டர்ன் எடுத்தாள், எனக்குக் காட்டவே. போட்டோ பார்த்த பிரபு ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்தக் கலர்ல வண்டி செய்வாங்களாண்ணா?"

வெளிநாட்டில் இருந்தபடி ஊரில் வண்டி வாங்கும் தம்பிகளே, இந்த வேலையில் நான் கற்றது கொஞ்சம்தான். ஏமாற்றுகிறவரின் வண்டியைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். உண்மையை மட்டும் பேசுகிற ஒருவரின் வண்டிக்கு ஒரு மலையையே சுற்ற வேண்டியிருக்கும். மாணிக்கம் ஐயா ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. அன்று அவர் என்னைத் திரும்ப விட்டிருந்தால், வண்டி சூடாகும் முன்பே வீட்டுக்கு வந்திருப்போம். நானும் கிளட்ச் கொஞ்சம் லூஸ் என்று சொல்லி முடித்திருப்பேன். அதனால் இப்போதெல்லாம் டெஸ்ட் டிரைவில் போனை அணைத்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிடுகிறேன். எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை திரும்புவதில்லை. யார் தினமும் ஓட்டப்போகிறாரோ அவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுக்காமல் யாருக்கும் ஓகே சொல்வதில்லை.

பிரபு லீவில் வந்தார். சென்னை ஏர்போர்ட்டுக்குக் கவிதாவே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கட்டிப்பிடித்து, பெட்டிகளை ஏற்றி முடித்ததும், "குடு, நான் ஓட்றேன்" என்று பிரபு நேராக இடப்பக்கக் கதவைத் திறந்தாராம், மஸ்கட் பழக்கத்தில். அங்கே ஸ்டீயரிங் இல்லை. திகைத்து நின்றிருக்கிறார். வலப்பக்கம் ஏற்கெனவே உட்கார்ந்து பெல்ட் போட்டுவிட்ட கவிதா எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"கரெக்டான பக்கம்தாங்க வந்திருக்கீங்க. உக்காருங்க, போலாம்."