என் தங்கைக்கும் வாய் இருக்கிறது

செம்பாக்கம் சாம்ராஜ்யத்தின் வாயிற்காவலனாகிய நான், இன்று கொதித்துப்போய் எழுதுகிறேன்.

கீமோ முடிந்து வீட்டில் இருக்கும் என் தங்கை சரளாவைப் பார்க்க, மூன்றாவது வீட்டு மாமி வந்தார். பேச ஆள் வருகிறது என்று சரளா காலையிலேயே இஸ்திரி போட்ட புடவை உடுத்தி, தலையில் புது ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

மாமி அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தாம்பரம் ஸ்டேஷன் வரை கேட்கும் ரகசியக் குரலில், "சாப்பிடறாளா சார்?" என்றார்.

"நல்லா சாப்பிடறேன் மாமி" என்றாள் சரளா.

"தூக்கம் வருதா அவளுக்கு?" மறுபடியும் என்னிடம்தான்.

"படுத்தா தூங்கிடறேன். உங்க பொண்ணு கல்யாணத்துக்குத்தான் வர முடியல. வீடியோ கேசட் வந்துடுச்சா மாமி?"

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், எவ்ளோ தைரியமா பேசறா பாருங்க சார்!"

எனக்கு வந்த கோபத்தில் செம்பாக்கம் ஏரியே கொதித்து ஆவியாகியிருக்க வேண்டும்.

வாசலில் விடைபெறும்போது மாமி என் காதில், "மனசைத் தளர விடக்கூடாதுன்னு அவகிட்ட சொல்லுங்க" என்றார்.

உள்ளே வந்தேன். சரளா ஸ்கார்ஃபை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கேசட் வந்துச்சா இல்லையான்னு சொல்லாமலே போயிட்டாங்களே அண்ணா."

ஆகவே மகாஜனங்களே, யாரிடமாவது ஏதாவது கல்யாணக் கேசட் இருந்தால் எடுத்து வாருங்கள். போட்டுப் பார்க்க வீடியோ டெக்கை நான் வாடகைக்கு எடுத்துவிடுகிறேன். மாப்பிள்ளை யார், சாப்பாடு எப்படி என்று எல்லாக் கதையையும் அவளிடம் சொல்லுங்கள். என் பக்கம் திரும்பினால், எனக்குக் காது கேட்காது.