மரக்கைக்காரியின் கேசட்

சட்டைக் காலரை முதலில் உள்பக்கம் வெளியே தெரியும்படி தைப்பார்கள். பிறகு அதைப் புரட்டி, கூரான மரக்குச்சியை உள்ளே விட்டு இரண்டு முனைகளையும் தள்ளி எடுக்க வேண்டும். பயந்து தள்ளினால் முனை மொண்ணையாக நிற்கும். அழுத்தித் தள்ளினால் பொத்துக்கொண்டு குச்சியே வெளியே வந்துவிடும். அந்த அளவு காலர் அக்காவின் கைக்குத் தெரியும். தையல் ஆலையில் சேர்ந்ததிலிருந்து அவள் காலரைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. பெயரே அப்படி ஆகிப்போனது. அப்படிப்பட்டவள் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் காலர் காலராகக் கிழித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, சட்டை மேல ஏதாவது பழைய பகையா?” என்றார் சூப்பர்வைசர்.

அவள் அடுத்த காலரை எடுத்தாள். பொதுவாகவே பேச மாட்டாள். அன்று வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குச் சற்று முன், சாப்பாட்டு நேரத்தில், பட்டன் தைக்கும் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்திருந்தாள்.

“அக்கா, நேத்து சாயங்காலம் கேபிள் டிவில உங்க அண்ணனப் பாத்தோம். ‘வீட்டுக்குள்ளே ஒரு விசித்திரம்’னு போடுவாங்கல்ல, அதுல. அம்மாடி, எவ்ளோ பேய்ப் படம், எவ்ளோ குங்ஃபூ படம். ரூம் பூரா கேசட். நீங்க ஒரு வார்த்தை சொன்னதே இல்லையே.”

காலர் அக்கா கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடினாள். நேற்று அவள் ஓவர்டைம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனபோது எல்லாரும் படுத்திருந்தார்கள்.

“என்ன சொன்னாரு?”

“தேடித் தேடி நானே சேத்தேன்னாரு. கடைகடையா அலைஞ்சாராம். பாவம்.”

“உறையக் காட்டினாங்களா? துணி உறை?”

“காட்டினாங்களே. எல்லாத்துக்கும் தச்சு வச்சிருக்கு, அவ்ளோ அழகு. தங்கச்சி சும்மா இருக்கிற நேரத்துல தச்சுக் குடுத்துதுன்னு சொன்னாரு.”

சும்மா இருக்கிற நேரத்தில். மத்தியானம் முழுக்க அந்த ஒரு சொல்தான் மரக்குச்சியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு காலர்களைக் கிழித்தது.

அந்தப் படங்களை அண்ணன் பார்த்த காலமும் ஒன்று உண்டு. அப்போது அவர் மீசை முளைக்கும் வயதில் இருந்தார். கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வாடகை கேசட் எடுத்து வருவார். படம் தொடங்கியதும், “பாப்பா, வெளிய போ. பொம்பளப் புள்ள பாக்கிற படமில்ல,” என்று கதவைச் சாத்துவார். அப்பா போனபின் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டோடு இருந்த பாப்பா, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று உதை விழும் சத்தத்தையும் பேய் மூச்சு வாங்கும் சத்தத்தையும் கேட்டாள். மறுநாள் கேசட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்கும் வேலை மட்டும் அவளுடையது. காலை நேரத்தில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த வீடியோக் கடைக்காரர், அவள் அட்டைப் படத்தையே முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, “பாக்கணுமா? இந்தா, உக்காரு,” என்று ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார். அவ்வளவுதான். அதன்பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம்.

அண்ணனுக்குப் பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, படம் பார்ப்பது சின்னப்பிள்ளைத்தனமாகிப் போனது. அவளுக்கு ஆலையில் வேலை கிடைத்ததும் முதல் போனஸில், படம் போடவும் பதியவும் கூடிய ஒரு வீடியோ பிளேயரும் ஒரு பழைய டிவியும் வாங்கினாள். பின்னால் டிஸ்க் வந்து கேசட் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கியபோது, வேலை முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைகளுக்கெல்லாம் போனாள். காதல் படங்களையும் குடும்பப் படங்களையும் மற்றவர்கள் அள்ளிப் போயிருப்பார்கள். மிச்சம் கிடப்பவை இவளுடையவை. மாடியறையில் சுவரோடு சுவராகப் பலகை அடித்து, இடது பக்கம் அடிதடி, வலது பக்கம் பேய் என்று பிரித்து வைத்தாள். இரண்டும் கலந்தவை நடுவில். மழைக்காலத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒவ்வொன்றையும் எடுத்து ஓடவிட்டு, துடைத்து, காலர் வெட்டிய மிச்சத் துணியில் உறை தைத்துப் போட்டாள். இதற்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் உண்டு.

கேசட்டின் முதுகில் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறு எதையும் பதிய முடியாது. எந்தக் கேசட் கைக்கு வந்தாலும் அவள் முதலில் பார்ப்பது அந்தப் பல்லைத்தான். இருந்தால் கத்தரிக்கோல் முனையால் உடைத்துவிடுவாள். அந்த ஓட்டையை யாராவது செலோடேப் ஒட்டி மறைத்தால் மெஷின் ஏமாந்துவிடும், திரும்பப் பதியும். ஆனால் இந்த மாதிரிப் படங்களைச் சேர்க்கிறவர்களில் யாரும் அந்தக் காரியத்தைச் செய்ய மாட்டார்கள்.

வீட்டில் அவளுக்குக் கிடைத்த பேர்களும் உண்டு. “குப்பை பொறுக்கி” என்றது அண்ணன். “பேய்ங்க கூடவே குடித்தனம் நடத்துறா,” என்றது அண்ணி. ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போனதற்கும் மாடியறைதான் காரணம் என்று தீர்ப்பாயிற்று. இத்தனையும் சொன்ன வாய், டிவியில் போய் நானே சேர்த்தேன் என்றிருக்கிறது.

அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் கூட்டம். அண்ணன் மகளின் மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். மாடியில் இருக்க வேண்டிய அவளுடைய பிளேயர் கீழே டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. அண்ணன் சலவைச் சட்டை போட்டு, முன்வரிசை நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“வா பாப்பா, சரியான நேரத்துக்கு வந்த. பேட்டிய ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன். சம்பந்திக்குப் போடப் போறேன். அப்படி ஓரமா நில்லு.”

அவள் சமையலறைக் கதவோரம் நின்றாள். பையைக்கூட இறக்கவில்லை.

திரையில் ஒரு பெண் குனிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் முற்றத்தில் ஆண்கள் வரிசையாக நின்று கைவீசிப் பழகுகிறார்கள். அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தேய்க்கிறாள்.

காலர் அக்காவுக்கு அந்தப் படம் தெரியும். ‘மரக்கைக்காரி’. சண்டைப் பள்ளிக்கூடத்தில் பாத்திரம் கழுவும் பெண், பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறாள். அது தெரிந்ததும் ஆசான் அவள் கையை வெட்டிக் கொன்று, பயிற்சிக்கு வைத்திருக்கும் மரப்பொம்மைக்கு அடியில் புதைத்துவிடுகிறான். அவள் பொம்மையின் கையை மாட்டிக்கொண்டு எழுந்து வருகிறாள். தமிழில் குரல் கொடுத்தவர்கள் மொத்தமே மூன்று பேர்தான் இருக்கும். ஆசானுக்கும் கிழவிக்கும் ஒரே ஆள் பேசியிருப்பான். அந்தத் தமிழ்க் குரலோடு வேறு கேசட் எங்கும் கிடையாது. ஊரிலிருந்த எல்லாக் கடையிலும் விசாரித்திருக்கிறாள். நடுப்பலகையில் நீலக் கட்டம் போட்ட உறைக்குள் இருந்தது அந்த ஒன்றுதான்.

படம் ஒரு குலுக்குக் குலுக்கியது. பாத்திரம் கழுவியவள் போய்விட்டாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ஒரு தொகுப்பாளினி வந்தாள்.

“வணக்கம் நேயர்களே.”

காலர் அக்கா டிவியைப் பார்க்கவில்லை. பிளேயரின் மேல் கிடந்த நீலக் கட்டத் துணி உறையைப் பார்த்தாள். 

டிவியில் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். கையில் இதே உறை. “இது இருக்கே, இது என் உயிர் மாதிரிங்க. எங்க தேடினாலும் கிடைக்காது. யார் கைக்கும் குடுக்க மாட்டேன்.” அவள் எப்போதோ சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னார். சம்பந்தி தொடையைத் தட்டி, “பெரிய ஆளுதான் நீங்க,” என்றார். சம்பந்தியம்மா, “இவ்ளோ வேலைக்கு நடுவுல எப்படித்தான் நேரம் கிடைச்சுதோ,” என்றாள்.

அண்ணன், “மனசு வச்சா முடியும் சம்பந்தி,” என்றார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரைக்கும் பார்த்தாள். பேட்டி முடிந்தது. சோப்பு விளம்பரம் வந்தது. வானிலை வந்தது. ஒரு டாக்டர் முழங்கால் வலி பற்றிப் பேசினார். பேட்டி முடிந்ததும் நிறுத்த மறந்து அண்ணன் மெஷினை ஓடவிட்டிருக்கிறார். எல்லாரும் டீயை எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுப் பேச்சில் இறங்கியபோது, டாக்டரின் முழங்காலைப் பிளந்துகொண்டு ஒரு கதவு உடைந்தது. உடைந்த கதவு வழியாக மரத்தால் ஆன கை ஒன்று வந்து ஆசானின் கழுத்தைப் பிடித்தது.

சம்பந்தியம்மா டீயை மடியில் கொட்டிக்கொண்டாள். “யாரு இவ?”

“அது வந்து... படம்,” என்றார் அண்ணன்.

“அது தெரியுது. இவ எதுக்கு இவனப் போட்டு இந்த அடி அடிக்கிறா?” சம்பந்திக்கு ஆர்வம் வந்துவிட்டது. “முன்னால என்ன நடந்துச்சு?”

அண்ணன் காலி டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

“முன்னால நடந்தது இனிமே யாருக்கும் கிடையாது,” என்றாள் காலர் அக்கா. கதவோரத்திலிருந்து வந்த குரல் யாருடையது என்று சம்பந்தி திரும்பிப் பார்த்தார். “அது மேலதான் உங்க சம்பந்தி உக்காந்து பேட்டி குடுத்திருக்காரு.”

“பாப்பா, வந்தவங்க முன்னாடி என்ன பேச்சு?”

“இதுல பல்லு இல்லையே. எப்படிப் பதிஞ்சுது?”

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி, “அவசரத்துல வேற கேசட் கைல கிடைக்கல. டிவிக்காரங்க பாத்துட்டுக் கீழயே வச்சுட்டுப் போனது இது. பதியல பதியலன்னு குதிச்சாரு. நான்தான் செலோடேப் ஒட்டிக் குடுத்தேன்,” என்றாள்.

“சரி விடு. ஒரு கேசட்டு. அதான் மேல அத்தனை கிடக்கே,” என்றார் அண்ணன். “உன் பேரச் சொன்னா எவன் மதிப்பான்? பொம்பள ஒருத்தி பேயும் கொலையுமா பாக்குறான்னா ஊரு சிரிக்காதா? என் பேரச் சொன்னதால வீட்டுக்கே ஒரு கௌரவம். அத நெனச்சுப் பாரு.”

“நீங்க அன்னிக்குக் கதவச் சாத்தும்போதும் இதையேதான் சொன்னீங்க.”

“எந்தக் கதவு?”

அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது. மறக்காமல் மறைத்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

அவள் போய்ப் பிளேயரை நிறுத்தினாள். மரக்கைக்காரி பாதி உதையில் மறைந்தாள். கேசட்டை வெளியே எடுத்தபோது அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“ஏய், உடைச்சுகிடைச்சு வைக்காத. என் பேட்டி அதுல இருக்கு. கேபிள்காரன் திரும்பப் போட மாட்டான். அது ஒண்ணுதான் இருக்கு.”

“அது ஒண்ணுதான் இருக்கா?”

“ஆமாங்கிறேன்ல.”

அவள் கேசட்டைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். ஓட்டையின் மேல் செலோடேப் பளபளத்தது. உடைக்கப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு அவளும் அப்படித்தான் நினைத்தாள். சுவரில் அடித்தால் எத்தனை துண்டாகும் என்றுகூடப் பார்த்துவிட்டாள். பிறகு காலர் நூலைப் பிரிக்கிற நகத்தால் செலோடேப்பின் ஓரத்தைக் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்து, அண்ணியின் டீத் தட்டில் ஒட்டினாள். பிளேயரை வயரோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். மறுநாள் மாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது.

கேசட் நடுப்பலகைக்குத் திரும்பவில்லை. அவள் அதை வலது பக்கம், பேய்ப் படங்களின் வரிசையில் வைத்தாள்.

சில வாரம் கழித்து அண்ணன் மாடிப்படியில் நின்று தட்டினார். டிப்போவில் மேனேஜர் பேட்டியைப் பார்க்க வேண்டும் என்கிறாராம்.

“இது ஒண்ணுதான் இருக்கு. வெளிய குடுக்கிறதில்ல,” என்றாள் அவள். “வேணும்னா அவரக் கூட்டிட்டு இங்க வாங்க.”

வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேனேஜரைக் கூட்டிவந்தார். நாற்காலி ஒன்றுதான், அதில் மேனேஜர் உட்கார்ந்தார். அண்ணன் தரையில். அவள் கேசட்டைப் போட்டாள். திரையில் ஒரு பெண் குனிந்து பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

“இத ஓட்டிவிடு பாப்பா,” என்றார் அண்ணன்.

“ஓட்டக் கூடாது. நாடா தேஞ்சிடும்.”

“யாருங்க இவங்க?” என்று மேனேஜர் திரையைக் காட்டிக் கேட்டார்.

அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் மடியில் இன்னொரு கேசட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

“உங்க கேசட்டுதானே அண்ணா,” என்றாள். “நீங்களே சொல்லுங்க.”