வெந்நீர்க்குளத்தில் வெள்ளி முழுக்கு

அக்கா! நான்தான், உன் தங்கச்சி. எத்தனை தரம் கூப்பிட்டாலும் இனி நீ 'ஓம், சொல்லு' என்று பதில் தரப்போவதில்லை. இதை நீ வாசிக்கவும் போவதில்லை. அதனால் வாசிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நீ இருந்திருந்தால், "வெக்கமில்லாமல் இதையெல்லாம் ஊருக்குச் சொல்லுவியோ?" என்று தலையில் குட்டியிருப்பாய்.

எனக்கு அக்கா ஒருத்திதான். ஊரில் யுத்தம் வந்து ஓடித் திரிந்ததில் என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோனது. அம்மாவும் அப்பாவும் இல்லாமல் போனபிறகு அவள்தான் என்னைச் சிட்னிக்குக் கூப்பிட்டாள். எனக்காகவே கல்யாணம் கட்டாமல் இருந்தாள். அங்கே டூங்கபி என்கிற பகுதியில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பகுதியில் வேலை. எனக்கு மரக்கறி வெட்டிப் பையில் அடைக்கிற வேலை. எங்களுக்கு வேறு ஆள் தேவையில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்தத் துணி துவைக்கிற இடத்துக்கு மலேசியாத் தமிழ்ப் பெண் ஒருவர் வேலைக்கு வந்தார். அக்காவைவிட மூன்று வயதுதான் மூப்பு. முறைக்கு அவரையும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். நான் வேண்டுமென்றே "அன்ரி" என்றேன்.

"ஐயையோ, உன் தங்கச்சி என்னைக் கிழவியாக்கிட்டா லா!" என்று அவர் சிரித்தார். அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னோடு அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

உள்ளேயே சமைத்துப் படுக்கிற காம்பர் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வடமேற்கே போவோம் என்றதும் அவர்தான். அங்கே பூமிக்குள்ளிருந்து தானாகவே சூடாக வருகிற தண்ணீரைக் குளமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், உடம்பு நோவுக்கு, உளைவுக்கு நல்லது என்றார். பக்கத்தில் ஒரு பண்ணையில் அமெரிக்கக் காட்டெருமைகள் திறந்த வெளியில் திரிகின்றன, அதையும் பார்க்கலாம் என்றார். அக்காவுக்குக் கொஞ்ச நாளாக வலப்பக்கத் தோள் உளைந்துகொண்டிருந்தது. மூட்டை தூக்குவதால் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை விடிய வான் வாசலுக்கு வந்தது. அவர்தான் சாரதி. நான் ஓடிப்போய் முன்கதவைத் திறந்தேன்.

"நீ மப் பாத்து வழி சொல்லுவியோ?" என்றாள் அக்கா. "பின்னால ஏறு, குஞ்சு. மேசை இருக்கு, கட்டில் இருக்கு. ராசாத்தி மாதிரி வரலாம்."

ராசாத்தியாம்! பானை சட்டியோடு பானை சட்டியாக நான் பின்னால் போனேன். வளைவுக்கு வளைவு அலுமாரிக் கதவு திறந்து, மிளகாய்த்தூள் போத்தல் என் மடியில் விழுந்தது. ஒன்பது மணித்தியாலம் இரண்டு பிடரிகளையே பார்த்துக்கொண்டு போனேன். அக்கா தோடம்பழம் உரித்து முதல் சுளையை அவர் வாயில் வைப்பாள். மிச்சம்தான் பின்னால் வரும்.

ஆனால் என்னிடம் ஒரு சாமான் இருந்தது. ஒரு போத்தல் நல்லெண்ணெய். ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்கு எண்ணெய் முழுக்குத்தான். சிட்னியில் குளியலறைக் குழாய் அடைக்கும் என்று அதை விட்டுவிட்டோம். மலேசியாக்காரருக்கோ ஆம்பிளைகள் மாதிரிக் கட்டை முடி. எண்ணெய் என்றால் அவருக்கு ஆகாது. "தலகாணியெல்லாம் நாறுமே லா!" என்பார். முழுக்கு எனக்கும் அக்காவுக்கும் மட்டுமே உரியது. அவரால் அதற்குள் வரமுடியாது.

வெள்ளிக்கிழமை காலையில் வானின் திரைச்சீலைகளை இழுத்து மூடினேன். அவர் வெளியே தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். அக்காவை இருத்தி உச்சியில் எண்ணெயை ஊற்றினேன். காணும், போதும் என்றாள். நான் விடவில்லை. முதுகு, கை, கால் எல்லாம் வழிய வழியத் தேய்த்தேன். வலது கையைத் தூக்கித் தேய்க்கும்போது, கக்கத்துக்குள் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டையளவு இருக்கும், நல்ல கடினம். அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இதென்னக்கா?"

"வியர்வைக்கட்டி. கதையை விட்டிட்டுக் காலைத் தேய்."

நானும் ஒரு கை எண்ணெய் அப்பிக்கொண்டேன். கழுவாமல் அப்படியே குளத்துக்குக் கிளம்பினோம்.

குளத்தில் வெள்ளைக்காரக் கிழவர்களும் கிழவிகளும் கழுத்துவரை தண்ணீரில் கண்ணை மூடி இருந்தார்கள். நாங்கள் இறங்கினோம். அப்படி ஒரு இதமான சூடு! அக்காவின் முகத்தைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றித் தண்ணீர் பளபளத்தது. பிறகு அந்தப் பளபளப்பு மெல்ல மெல்ல ஊர்ந்து போனது. ஒரு கிழவி கண்ணைத் திறந்து, தன் தோளைத் தடவி, விரலை மணந்து பார்த்தாள். அடுத்ததாக விசில் சத்தம்தான் கேட்டது. எல்லோரையும் தண்ணீரிலிருந்து ஏற்றினார்கள். நோயாளிக் கிழவர்கள் ஒவ்வொருவராகப் படி ஏறித் துடைத்துக்கொள்ளும்போது துவாயில் மஞ்சளாகப் பிசுக்குப் பிடித்தது.

எனக்கு வாயில் இங்கிலீஸ் வரவில்லை. மலேசியாக்காரர் முன்னுக்குப் போய், விசில் ஊதிய காவலாளியிடம் என்னவோ சொன்னார், கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் அந்த மனிதன் சிரித்தேவிட்டான்.

"என்ன சொன்னனீங்கள்?" என்று அக்கா கேட்டாள்.

"எண்ணெய் என்னோடது, நான்தான் தேய்ச்சுவிட்டேன்னு சொன்னேன். பாவம், சின்னப் பொண்ணு பயந்துட்டா."

அக்கா அவர் தோளில் சாய்ந்து சிரித்தாள். என் எண்ணெயையும் அவரே எடுத்துக்கொண்டார்.

பின்னேரம் பண்ணைக்குப் போனோம். காட்டெருமை என்றதும் நான் நினைத்தது எங்களூர் எருமையை. இது வேறு. முன்பக்கம் மலை மாதிரி, பின்பக்கம் ஒடுங்கி, இரண்டு மிருகத்தைச் சேர்த்துத் தைத்ததுபோல் இருந்தது. "தலையைப் பாத்தால் சிங்கம், வாலைப் பாத்தால் மாடு" என்றாள் அக்கா. செம்பட்டை நிறத்தில் ஒரு கன்று தாயோடு ஒட்டி நின்றது. வேறொரு பசு கிட்ட வர, தாய் தலையைக் குனிந்து முட்டி விரட்டியது. எனக்கு அந்தத் தாயை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அக்கா கமராவோடு வேலியோரம் தூரமாகப் போனாள். நான் அவரிடம் கேட்டேன்.

"அக்காவுக்குக் கைக்குக் கீழ ஒரு கட்டி. உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும்மா. பரமட்டா ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுக்க நான்தான் கூட்டிட்டுப் போனேன். திங்கக்கிழமை ரிப்போர்ட் வந்துச்சு. நல்லதா இல்ல. இங்க வச்சு அவளே உங்கிட்ட சொல்றதா இருந்தா. அதுக்குத்தான் இந்தப் பயணமே."

உண்மையைச் சொல்கிறேன். அக்கா செத்துப்போவாளோ என்று எனக்கு முதலில் வரவில்லை. இவருக்கு முதலில் தெரிந்திருக்கிறதே என்பதுதான் வந்தது. திங்கட்கிழமை இரவு அக்கா எனக்குப் புட்டு அவித்துத் தந்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

நேரே அக்காவிடம் போனேன். "உனக்கு அவதான் சொந்தமெண்டால் அவவோடையே போய் இரு. என்னை ஏன் கூப்பிட்டனி?"

"நீ பயந்திடுவாய் எண்டுதான்டி..."

மிச்சத்தைக் கேட்காமல் வானில் ஏறிவிட்டேன். அடுத்தநாள் திரும்பும்போது பெற்றோல் அடித்த இடத்தில் மலேசியாக்காரர் பின்கதவைத் திறந்து, "தங்கச்சி, நீ இப்ப முன்னாடி வா, மூணு பேரும் நெருக்கி உக்காரலாம். அக்காகூடப் பேசிக்கிட்டு வா" என்றார்.

"எனக்கு மப் பாக்கத் தெரியாது" என்றேன்.

அக்கா எத்தனையோ தரம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவளுக்கு மிச்சமாக இருந்த நாட்களில் ஒரு முழுநாளை அப்படி வீணாக்கினேன். அவள் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கலாம். இடம் தந்தார்கள், நான்தான் போகவில்லை.

அதன்பிறகு பத்து மாதம் இருந்தாள். நான் வேலைக்குப் போன நேரம் அவர் பார்த்தார், அவர் போன நேரம் நான் பார்த்தேன். அக்கா அவர் கையால் இரண்டு கரண்டி கஞ்சி கூடுதலாகக் குடித்தால் எனக்கு அன்றைக்கு நித்திரை வராது. சாகக் கிடக்கிறவளிடம்கூட நான் கணக்குப் பார்த்தேன். அவள் போனது அவருடைய முறையிலா என்னுடைய முறையிலா என்று கேட்காதீர்கள்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த அடுத்த நாள் அவர் வந்து என் பக்கத்தில் இருந்தார். "எங்க சர்ச்சுல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவ பேரைச் சொல்லி எல்லாரும் ஜெபம் பண்றோம்மா" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ திரும்பவும் அதே எரிச்சல். அவருக்கு ஒரு கோயில் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு இங்கே யார்? தெரிந்தவர்கள் என்று டூங்கபியில் இரண்டு வீடு, பக்கத்துக் கிரவீனில் ஒரு வீடு. அவர்களும் செத்தவீட்டோடு போய்விட்டார்கள். நான் ஒருத்தி விளக்குக்கு முன்னால் நின்று கும்பிடுவது அக்காவுக்குக் கேட்குமா?

அதுதான் உங்களிடம் வந்தேன். சைவமோ கிறிஸ்தவ வேதமோ, உங்கள் வீட்டில் எந்தச் சாமி இருந்தாலும் சரி. அவருடைய ஆட்களைவிட என் ஆட்கள் ஒருவராவது கூடுதலாக இருக்கவேண்டும். என் அக்காவுக்காக எல்லோரும் கும்பிடுங்கள்.