இடப்பக்கம் சாய்ந்த தாய்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் போங்கள். கதை கட்டத் தெரிந்தவன் இல்லை நான். பத்து வயதில் செங்கல் சுமக்க ஆரம்பித்தவன். கடவுளைவிட ரசமட்டத்தை அதிகம் நம்புகிறவன். குழாய்க்குள் குமிழி நடுவில் நின்றால் நேர், நகர்ந்தால் கோணல். என் ஞானம் அவ்வளவுதான். அதையும் ஒரு படம் கெடுத்தது.

அப்போது ஓர் ஓவியக் கூடத்தில் படம் மாட்டும் வேலை. நானும் என் மச்சினனும். தாயும் பிள்ளையுமாக வரைந்த பழைய படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி. அது நல்லபடியாகத் திறந்துவிட்டால் என்னை நிரந்தரமாக்குவதாகக் கூடத்து மேடம் சொல்லியிருந்தார். தினக்கூலியாகவே முதுகு வளைந்தவனுக்கு அது சின்ன வார்த்தை இல்லை.

எல்லாம் பல நூறு வருஷத்துப் படங்கள். அம்மாக்கள் அழகு. பிள்ளைகளுக்குத்தான் கிழட்டு முகம்.

"மாமா, இது புள்ளையா, ரிட்டயர் ஆன குமாஸ்தாவா?"

"நீ பொறந்தப்போ உங்கம்மாவும் இதையேதான் கேட்டாங்களாம். தூக்குடா."

கடைசிப் படம் ஆளுயரம். ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முழங்காலோடு படம் முடிந்துவிட்டது. மடி காலி. ஒரு கை மட்டும் இடப்பக்கம் கீழே இறங்கி, சட்டத்தின் விளிம்பில் நின்றது. பக்கத்து அட்டையில் 'தாயும் மகனும்' என்று போட்டிருந்தது.

"மகன் எங்க மேடம்?"

"அது உனக்கெதுக்கு? நேரா மாட்டு, போதும்."

மாட்டினேன். குமிழி நடுவில். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் படம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தினேன். கொக்கியை மாற்றினேன். ஆணியை மாற்றினேன். மறுநாள் காலை... மறுபடியும் இடப்பக்கம். சுவரைத் தட்டிப் பார்த்தேன். இரும்பு மாதிரி இருந்தது.

"ஒரு படத்தை நேரா மாட்டத் தெரியல. உனக்கு நிரந்தர வேலை வேறயா?" என்றார் மேடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷம் சுவர் எழுப்பினவனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது?

அப்போதுதான் கவனித்தேன். சட்டம் முழுக்கத் தூசி. இடது கீழ்மூலையில் மட்டும் இல்லை. தொட்டேன். ஈரம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கூடத்தில் யாரும் இல்லை. ஏணியின் இரண்டாம் படியில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கொக்கியை முடுக்கினேன். பின்னாலிருந்து யாரோ என் கால்சட்டையை இழுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே.

"சும்மா இருடா."

மறுபடியும் இழுப்பு.

"டேய்! நானே எரிச்சல்ல இருக்கேன். விடு!"

"என்ன மாமா?"

குரல் வந்தது கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து. மச்சினன் கையில் சாப்பாட்டுப் பொட்டலம்.

குனிந்து பார்த்தேன்.

யாரும் இல்லை.

கால்சட்டைத் துணி மட்டும்... விறைப்பாக இழுபட்டு நின்றது.

சர்ர்ர்...

படம் இடப்பக்கம் இறங்கியது.

எனக்கும் வீட்டில் ஒரு பிள்ளை உண்டு. எட்டாத ஒன்றுக்காக இழுக்கிற இழுப்பு எப்படி இருக்கும் என்று தெரியும். மச்சினனைக் கத்திக் கூப்பிட்டேன். இருவருமாகப் படத்தை இறக்கி, தரையை ஒட்டி மாட்டினோம்.

என் கால்சட்டையில் இருந்த பிடி விட்டது.

படம் அசையவில்லை. அன்று சாயங்காலம் வரை அசையவே இல்லை.

மேடம் வந்து பார்த்தார். "கால்ல இடிக்கிற மாதிரியா மாட்டுவாங்க? மேல ஏத்து."

"மாட்டேன் மேடம்."

"ஏன்?"

சொன்னால் யார் கேட்பது?

"ஏத்த மாட்டேன்னா கிளம்பு."

கிளம்பிவிட்டேன். நிரந்தரமும் போச்சு, தினக்கூலியும் போச்சு. படத்தை மச்சினன்தான் மேலே ஏற்றினான்.

திறப்பு விழா முடிந்த மறுநாள் அவன் வீட்டுக்கு வந்தான். கூட்டம் நிற்கும்போதே படம் இடப்பக்கம் சாய்ந்து விழுந்ததாம். சட்டம் உடைந்து, படம் வரைந்த துணியில் பின்னால் மடித்துச் செருகியிருந்த பகுதி பிரிந்ததாம். சட்டத்தில் அடங்க வேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ அடிப்பகுதியை மடித்திருக்கிறார்கள்.

அதில் தாயின் பாதங்கள் இருந்தன. தரை இருந்தது. தரையில் கையைத் தூக்கி நிற்கிற ஒரு பையனின் நிழல் இருந்தது.

பையன் இல்லை.

அவன் நிற்க வேண்டிய இடத்தில், அவன் உருவத்துக்கே, வெறும் துணி. சுரண்டின தடம்கூட இல்லையாம்.

"எவ்வளவு உயரம்டா?"

அவன் என் தொடையில் கையை வைத்துக் காட்டினான்.