நான் அழித்த காற்று

அக்கா அந்தக் கூடத்தில் என்னைச் 'சார்' என்று கூப்பிட்டாள். இத்தனை வருடம் ஆகியும் அந்தச் சொல் காதை விட்டுப் போகவில்லை.

எண்பதுகள். மெட்ராஸில் குளிர்சாதனம் பொருத்தும் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்குப் போடுகிறவன் நான். பொன்னேரிப் பக்கம் உப்புநீர் ஏரிக்கரையில் இறால் உரிக்கும் கூடம் ஒன்று, உள்ளே அறுபது பெண்கள். அதற்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்ற கேள்வி என் தாளுக்கு வந்தது. சுவர் வழியே வரும் சூடு, விளக்குகளின் சூடு, உட்கார்ந்திருக்கும் உடம்புகளின் சூடு. கடைசியில் புதுக்காற்று. ஆளுக்கு இவ்வளவு என்று வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும். விடுகிற காற்றையும் குளிர்விக்க வேண்டும், அதன் ஈரத்தையும் பிழிந்தெடுக்க வேண்டும். ஏரிக்கரைக் காற்றின் ஈரத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் அதே ஏரிக்கரையில், தோணிரேவில் பிறந்தவன். எங்கள் வீட்டில் சித்திரை வெயிலிலும் உப்பு கசிந்துகொண்டேயிருக்கும்.

கூட்டிப் பார்த்தால், ஏற்கெனவே வாங்கி வைத்த மிஷின் போதவில்லை. எங்கள் மேனேஜர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாய்யா, ஏரிக்காத்த மொத்தமா உள்ள கொண்டாந்துட்ட? மிஷினுக்கு ஏத்தமாரி போட்டுக் கொண்டா."

சுவரைக் குறைக்க முடியாது. விளக்கை எண்ணிப் பார்த்துவிடுவார்கள். காற்றை யார் எண்ணப் போகிறார்கள்? ரப்பரை எடுத்தேன். புதுக்காற்றுக்கு எதிரே பூஜ்யம் போட்டேன். ஓரத்தில், 'கதவு இடுக்கே போதும்.' கணக்கு மிஷினுக்குள் சமர்த்தாக அடங்கியது. சுவரில் காற்றுக்காக வெட்ட வேண்டிய துளையை யாரும் வெட்டவில்லை.

அங்கே அக்கா வேலைக்குச் சேர்ந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு, நிழலில் குந்திச் செய்கிற வேலை என்று ஒரே பெருமை.

வைகாசியில் புகார் வந்தது. கூடம் குளிரவில்லையாம். மேனேஜரும் நானும் போனோம். பின்கதவு பாதி திறந்திருந்தது. இறால் கூடை ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ப்ளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கடித்தது.

"கதவ எவ தொறந்தது?" என்றார் கூடத்துக்காரர்.

அக்கா எழுந்தாள். என்னைப் பார்த்தாள். தம்பி என்று தெரிந்தால் எனக்குக் குறைச்சல் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நான்தான். மூட்னா மூச்சு முட்டுது. நேத்து ரெண்டு பேரு தலசுத்தி வுழுந்துட்டாங்க. நீங்களே சொல்லுங்க சார், மனுசி குந்தறதுக்குக் காத்து வாணாமா?"

அந்தச் 'சார்' நான்.

கூடத்துக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. மிஷின் கோளாறா, கதவு கோளாறா?"

மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"கதவு தொறந்திருந்தா குளிராது சார்" என்றேன்.

அது பொய் இல்லை. அதுதான் அதிலுள்ள அசிங்கம்.

மறுநாளிலிருந்து அவளை வர வேண்டாம் என்றார்கள். பின்கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். மற்ற பெண்கள் உள்ளே.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பஸ் முழுக்க அவளிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள்.

"இன்னாடா இன்ஜினியரு, மூஞ்சி தொங்குது? வேல போனது எனக்கு."

"அக்கா, அந்தக் கூடத்துல..."

"வுடு. நீ இன்னா பண்ணுவ? எவனோ பேமானி காத்துக்கு ஓட்ட வெக்க மறந்துட்டான். உன்னக் கூட்டியாந்து நிக்க வச்சிட்டானுங்க."

மறக்கவில்லை, அக்கா. யோசித்து, நிதானமாக, தாள் கிழியாமல் அழித்தேன். இதை இன்று எழுத முடிகிறது. அன்று வாயில் வந்தது வேறு.

"ஆமாக்கா."

அவள் தலையசைத்துவிட்டுக் குனிந்தாள். கைகள் மறுபடி தண்ணீருக்குள் போயின. ஏரி மேலிருந்து வந்த காற்று என் சட்டைக்குள் புகுந்து ஊதியது. உள்ளே இருந்த காற்றை யாரோ பார்த்துவிடப் போகிறார்கள் என்பதுபோல, சட்டையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு நின்றேன்.